டிரெய்லர் வைத்திருக்கும் விவசாயிகளே, பையில் கட்டித்தரும் கிரீசை வாங்காதீர்கள்

சென்ற மாசியில் சம்பா நெல்லை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பிய என் டிரெய்லர், நீடாமங்கலம் சாலையில் இரவு முழுவதும் நின்றுவிட்டது. இடது சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலிருந்து புகை வந்தது. கழற்றிப் பார்த்தால், உள்ளே சக்கரம் சுழல உதவும் டேப்பர் ரோலர் பேரிங்கின் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன; அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டு நொறுங்கிக் கிடந்தது. கிரீசின் எண்ணெய் பிரிந்து ரிம்மின் உட்புறம் முழுக்க வழிந்திருந்தது. ஹப்பின் ஓரத்தில், கிரீசில் எண்ணெயோடு கலந்திருக்கும் சோப்பின் காய்ந்த பொருக்கு மட்டுமே மிச்சம். அந்த கிரீசை நிரப்பிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

நெல் பனியில் நனைந்தது. மறுநாள் ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டதால் திருப்பி அனுப்பினார்கள். களத்தில் மறுபடி கொட்டிக் காயவைத்து, மறுபடி அள்ளி, மறுபடி வரிசையில் நின்றோம். பேரிங், ஆயில் சீல் செலவைவிட அந்த மூன்று நாள் கூலிதான் என்னை அழுத்தியது.

கிரீசை எங்கள் கடைத்தெருவில் ஓர் உதிரிபாகக் கடையில் வாங்கினேன். “வீல் பேரிங்குக்கு ஏபி 3 வேண்டும்” என்று தெளிவாகவே கேட்டேன். வாசலில் நின்ற பெரிய பீப்பாயிலிருந்து கரண்டியால் அள்ளி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டித் தந்தார்கள். “இது ஏபி 3 தான் அண்ணே, விரலால் அழுத்திப் பாருங்கள், எவ்வளவு கெட்டி!” என்றார் கடைக்காரர். கெட்டியாகத்தான் இருந்தது. விலையும் ஏபி 3 விலைதான். ரசீது கேட்காமல் வந்துவிட்டேன்.

ஏமாற்று அந்தக் கெட்டியில்தான் இருந்தது. 3 என்ற எண் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்லும். 25 டிகிரி வெப்பத்தில் ஓர் உலோகக் கூம்பு கிரீசுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளந்து, 000 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. அது எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் சோப்பைப் பொறுத்தது. ஏபி 3 என்று நாம் கேட்பது லித்தியம் சோப்பு கிரீஸ்; அது ஏறத்தாழ 180 டிகிரிக்கு மேல்தான் உருகிச் சொட்டும். சாதாரண கால்சியம் கிரீஸ் 100 டிகிரியை நெருங்கும்போதே தன்னிடமுள்ள நீரை இழந்து, எண்ணெய் வேறு சோப்பு வேறாகப் பிரிந்துவிடும். பாரம் ஏற்றி ஓடும் ஹப்புக்கு அது ஆகாது. நிறத்தையும் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் சாயம்.

எங்கள் ஊர் மெக்கானிக் மாமா மீதமிருந்த பையைக் கொண்டுவரச் சொன்னார். கொதிக்கும் அண்டாவின் மேல் தகரத் தட்டை வைத்தார். என் கிரீஸ் ஓர் உருண்டை, தன்னிடமிருந்த சீலிட்ட டப்பாவிலிருந்து ஓர் உருண்டை. கொஞ்ச நேரத்தில் என்னுடையது ஓரங்களில் பளபளத்து, இளகி, தட்டின் சரிவில் எண்ணெயாக ஓடியது. மற்றது வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

கால்சியம் கிரீஸ் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. தண்ணீரை நன்றாகத் தாங்கும். சேற்றுழவில் இறங்கும் கருவிகளின் பின், புஷ் போன்ற சூடேறாத இடங்களுக்கு அதுவே போதும். அதை லித்தியம் என்று சொல்லி, லித்தியம் விலைக்கு விற்றதுதான் மோசடி.

இப்போது நான் சீலிட்ட டப்பாவாகவே வாங்குகிறேன். லித்தியம் என்ற சொல், தர எண், தயாரித்த மாதம் மூன்றும் அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே படித்துப் பார்க்கிறேன். பழைய கிரீசை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பேரிங் உலர்ந்த பிறகே புதியதை வைக்கிறோம். எல்லா கிரீசும் ஒன்றோடொன்று சேராது. களிமண் கலந்த வகை லித்தியத்தோடு சேர்ந்தால் இளகி ஓடிவிடும். பேரிங்கின் உருளைகளுக்கிடையே நன்றாகத் திணியுங்கள், ஆனால் ஹப்பின் உள்வெளியை முழுக்க அடைக்காதீர்கள். அடைத்தால் கிரீஸ் கடைபட்டு, அதனாலேயே சூடேறும்.

பையோடு கடைக்குப் போனேன். “எங்கள் கடைச் சரக்கு என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார்கள். ரசீது இல்லாததால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களிடம் ரசீது இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். குறுவை உழவுக்கு எல்லோரும் வண்டியைத் தயார் செய்யும் இந்த வாரத்திலும், அந்தக் கடை வாசலில் அதே பீப்பாய் திறந்தபடி நிற்கிறது.