சர்வீஸ் சென்டரா, வெளி மெக்கானிக்கா, கையில் ஒரு ஸ்கேனரா?

டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தால் நம் முன்னால் மூன்று வாசல். கம்பெனி சர்வீஸ் சென்டர், வெளியே இருக்கும் மெக்கானிக், இல்லையென்றால் சின்னதாக ஒரு ஸ்கேனரை வாங்கி நாமே பார்ப்பது. எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சர்வீஸ் சென்டர் என்றாலே கொள்ளை என்பார் ஒருவர், வெளியே விட்டால் வண்டி குட்டிச்சுவர் என்பார் இன்னொருவர். மூன்றிலும் நுழைந்து மூன்றிலும் அடிபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், கோளாறு எந்த ரகம் என்று தெரியாமல் வாசலைத் தேர்ந்தெடுத்தால் எங்கே போனாலும் அடிதான்.

முதலில் என் கதை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றும், சில நாள் முதல் தடவையிலேயே எடுக்கும், சில நாள் நான்காவது தடவை. சர்வீஸ் சென்டருக்குப் போய், அங்கிருந்த அட்வைசரிடம் "பேட்டரி போயிடுச்சு போல, பாருங்க" என்றேன். அங்கேதான் தப்பு செய்தேன். அவர் ஜாப் கார்டில் 'பேட்டரி மாற்றவும்' என்று எழுதிக்கொண்டார், மாற்றினார்கள், பில் கட்டினேன். பத்து நாளில் அதே இழுவை. மறுபடி போனால், ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் பண்ணவில்லை போலிருக்கிறது, அதையும் மாற்றிப் பார்க்கலாம் என்று ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள். அந்த 'பார்க்கலாம்' என்ற சொல்தான் என்னை வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வர வைத்தது.

வெளி மெக்கானிக் ஒருவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மீட்டர் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் கேபிள், போல்ட் போட்ட இடத்தில் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இறுக்கினார். அரை மணி நேர வேலை, அதன் பிறகு இழுவையே இல்லை.

இதைச் சொன்னால் உடனே "அதான் சொன்னேனே, சர்வீஸ் சென்டர் ஏமாற்று" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே நாம் பேசும் ஆள் வேறு, வண்டியில் கை வைக்கும் ஆள் வேறு. நாம் சொல்வது அட்வைசர் காதில் விழுந்து, நாலு வார்த்தையாகச் சுருங்கி, ஜாப் கார்டாகி உள்ளே போகிறது. உள்ளே இருப்பவர் நம் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. பல இடங்களில் கூலி என்பது ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே குறித்து வைத்த நேரத்தை வைத்துத்தான். ஆல்டர்னேட்டர் மாற்ற இத்தனை மணி நேரம் என்று கணக்கு இருக்கும். எங்கேயோ பூத்துப்போன ஒரு போல்ட்டைத் தேடி அலைய அப்படி ஒரு கணக்கு இருக்காது. தேடுவதற்குக் கூலி கம்மி, மாற்றுவதற்குக் கூலி நிச்சயம் என்றால், மனிதர் எந்தப் பக்கம் சாய்வார்?

ஆனால் அதே சர்வீஸ் சென்டர் என்னைக் காப்பாற்றிய கதையும் இருக்கிறது. வேறொரு ஆட்டோமேட்டிக் வண்டி, மெதுவாக உருண்டு வரும்போது இரண்டாவது கியரிலிருந்து இறங்குகையில் ஒரு குலுக்கு. வெளியே காட்டினேன். ஆயில் மாற்றினார்கள், கொஞ்சம் குறைந்தது போல இருந்தது (காசு கொடுத்த பிறகு எல்லாமே கொஞ்சம் குறைந்தது போலத்தான் இருக்கும்), அப்புறம் பழையபடி. கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும் என்றார்கள். பயந்துபோய்க் கம்பெனி சென்டருக்கு எடுத்துப் போனால், இந்த மாடலுக்கே இந்தக் குலுக்கு உண்டு, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குப் புது மென்பொருள் வந்திருக்கிறது என்று ஏற்றிக் கொடுத்தார்கள். ஒரு ஸ்பேனர்கூட எடுக்கவில்லை. ஒரு மாடலில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளுக்குக் கார் கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குத் தொழில்நுட்பக் குறிப்புகள் அனுப்பிக்கொண்டே இருக்கும். வெளியே இருக்கும் ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் குறிப்பு அவர் கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம்.

ஆக, மென்பொருள், சாவியும், சரியான சாவி இல்லாமல் வண்டியை எடுக்க விடாத இம்மொபிலைசரும், ஏர்பேக், முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேமராவை அளவு பார்த்துப் பொருத்துவது, இதெல்லாம் சர்வீஸ் சென்டர் வேலை. கம்பெனியே திரும்ப அழைக்கும் ரீகால் என்றால் யோசிக்கவே வேண்டாம், செலவு அவர்களுடையது. வாரண்டியில் இருக்கும் வண்டிக்கும் முதலில் அங்கேதான் போக வேண்டும். பிடிக்கிறதோ இல்லையோ.

சத்தம் என்றால் கதை வேறு. சத்தத்துக்குக் கம்ப்யூட்டரில் கோட் (கோளாறைக் குறிக்கும் எண்) விழாது. வேகம் ஏற ஏற கூடவே ஏறும் ஹூம்ம்ம் என்ற ரீங்காரம், ஸ்டீயரிங்கை லேசாக இடப்பக்கம் ஒடித்தால் அதிகமாகி வலப்பக்கம் ஒடித்தால் குறைந்தால், பெரும்பாலும் வலப்பக்க வீல் பேரிங். ஏனென்றால் இடப்பக்கம் ஒடிக்கும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. முழுசாக ஒடித்துத் திருப்பும்போது டக் டக் டக் என்றால் ஆக்ஸிலின் வெளி முனை ஜாயிண்ட். பிரேக் தொட்டால் கீச்சென்று கத்தினால் பேடு தேய்ந்ததைச் சொல்லவே வைத்திருக்கும் தகடாக இருக்கலாம். இதையெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கி, காதை வெளியே நீட்டிக் கேட்கிற ஆள்தான் கண்டுபிடிக்க முடியும், அப்படி உட்கார்ந்து வருபவர் பெரும்பாலும் வெளி மெக்கானிக்தான். அவரிடமே நேராகப் பேசலாம், நடுவில் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். வெளி மெக்கானிக்கிடம் எனக்கு இருக்கும் ஒரே பயம், அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று சாவியைக் கொடுப்பது. விளக்கு அணைந்துவிட்டால் கோளாறு போய்விட்டது என்று அர்த்தமில்லை, கம்ப்யூட்டர் மறுபடி சோதித்துப் பார்க்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான, வண்டி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஓபிடி முறை இது, மற்ற நாடுகளும் பின்னால் வந்து சேர்ந்தன. அதில் செருகிப் போனோடு புளூடூத்தில் இணைக்கிற சின்னக் கருவி போதும், பி0 என்று தொடங்கும் பொதுவான கோடுகளைப் படித்துவிடலாம். பி1 என்று தொடங்கினால் அந்தந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு, அர்த்தம் மாடலுக்கு மாடல் மாறும். மலிவான கருவிகள் இன்ஜினை மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் அதற்குத் தெரியாது.

ஸ்கேனர் வாங்கியவர்கள் எல்லோரும் முதல் மாதத்தில் செய்யும் தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன்: கோடு எந்தப் பெயரைச் சொல்கிறதோ அந்தப் பார்ட்டை வாங்கி மாட்டுவது. பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். உண்மையில் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரைப் பார்க்கவே இல்லை, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் பேச்சை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. சென்சார் களைத்திருந்தாலும், புகைக்குழாயில் ஒரு ஓட்டை இருந்தாலும் அதே கோடு வரலாம். பி0171 வந்தால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இதற்கு ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் ஏராளம். செய்தி கொண்டுவந்தவனை அடிப்பது மாதிரி.

ஸ்கேனரில் அந்தக் கோடைவிடப் பயன்படுவது ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டுகிற எண்கள். பி0171 விஷயத்தில் ஃப்யூவல் டிரிம் என்று ஒன்று சதவீதத்தில் ஓடும், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. இன்ஜின் சும்மா நிற்கும்போது கூட்டல் 20 காட்டி, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கினால், எங்கேயோ ஒரு ரப்பர் குழாய் விரிசல் விட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. தலைகீழாக, சும்மா நிற்கும்போது சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போது கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். இவ்வளவையும் நாமே பார்த்துவிட்டு வண்டியை விட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். பி0301, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியவில்லை) என்றால் இன்னும் சுலபம்: முதல் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதுடையதை இங்கே. கோடு பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையா, பிளக், இன்ஜெக்டர் என்று போக வேண்டும். புதுப் பார்ட் எதுவும் வாங்காமலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

ஒன்று, இன்ஜின் விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டினால் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓரம் கட்டி நிறுத்துங்கள். இன்னொன்று, நாமே பார்த்தாலும் கோடை அழிக்கக் கூடாது. கோளாறு விழுந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன, சுற்று என்ன என்று கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும், அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பிறகு சர்வீஸ் சென்டரில் "ஒண்ணும் இல்லையே சார்" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

மூன்று வாசலுக்கும் தண்ணி காட்டுவது, வந்து வந்து போகும் கோளாறு. நம்மிடம் மட்டும் வரும், காட்டப் போனால் சமர்த்தாக ஓடும். ராத்திரி நின்ற வண்டியில் பேட்டரி இறங்குவது இந்த ரகம்தான். வண்டியைப் பூட்டிய பிறகு உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகவே சில வண்டிகளில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கப்புறம் அளந்தால் சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அளந்துவிட்டு "கரண்ட் ஓடுது, வயரிங் பிரச்சினை" என்று சொல்பவரையும் பார்த்திருக்கிறேன், அளக்கவே அளக்காமல் பேட்டரியை மாற்றியவர்களைத்தான் மேலே சொன்னேனே. இந்த ரகத்துக்கு எந்த வாசல் என்றால், வண்டியை ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறவர் யாரோ அவர். நாமும் சும்மா போகக் கூடாது. எப்போது வந்தது, இன்ஜின் சூடா குளிரா, மழையா, டேங்கில் எவ்வளவு என்று குறித்து வைத்து, சத்தமோ விளக்கோ வந்த நிமிடத்தை வீடியோ எடுத்து வைத்தால் "எங்களுக்கு வரலையே" என்ற பதிலுக்கு இடமில்லை.

சர்வீஸ் சென்டர்தான் என்று முடிவானால் பேசுவதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். என்ன மாற்ற வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது, என்ன நடக்கிறது என்று மட்டும். "காலையில் குளிர்ந்த இன்ஜினில் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, ஓடி நின்றபின் சரியாகிறது" என்று சொல்லி, அதே வார்த்தைகளை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வண்டியில் கை வைக்கப் போகும் டெக்னீஷியனையே கூட உட்கார வைத்து ஒரு சுற்று போகக் கேளுங்கள், பல இடங்களில் கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. எஸ்டிமேட் நீட்டினால் ஒரே கேள்வி: எந்தச் சோதனை செய்து இந்தப் பார்ட் என்று முடிவு செய்தீர்கள், என்ன அளவு வந்தது? கோபமாகக் கேட்க வேண்டியதில்லை. சோதித்தவர் எண்ணைச் சொல்வார், சோதிக்காதவர் மேனேஜரைக் கூப்பிடுவார். அந்த மேனேஜரிடமும் நடக்கவில்லை என்றால் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு, ஜாப் கார்டு எண்களையும் தேதிகளையும் வரிசையாகப் போட்டு எழுத்தில் அனுப்புங்கள், சுருக்கமாக, திட்டாமல். வாரண்டி முடியப் போகிற நேரமென்றால், கோளாறு அவர்கள் கண்ணுக்குப் படாவிட்டாலும் புகாரை ஜாப் கார்டில் ஏற்றி வாங்கிவிடுங்கள். முடிந்த பிறகு அது மறுபடி வந்தால் வாதாட அந்த ஒரு தாள்தான் இருக்கும்.

அப்புறம், கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றியதை அவர்கள் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், நாம் காசு கொடுத்து மாற்றியதைக் கேட்கலாம். என் பழைய பேட்டரியை நான் கேட்கவில்லை. எர்த் கேபிளைத் தேய்த்து முடித்த கையோடு மெக்கானிக் முதலில் கேட்டதே "பழைய பேட்டரி எங்கே? அது நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றுதான். அதற்குள் அது யார் வண்டியில் ஓடிக்கொண்டிருந்ததோ.