பூனை, இளைப்பு, நடுவே ஓர் ஏர் ப்யூரிஃபையர்: 14 மாத அனுபவம்

எதற்காக வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. ஒரு நாள் என் மகள் மழையில் நனைந்து நடுங்கிய பூனைக்குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தாள். பஞ்சு என்று பெயரும் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் எனக்குக் கண் சிவந்து, மூக்கு அடைத்துக்கொண்டது. ராத்திரி இரண்டு மணிக்கு இன்ஹேலரைத் தேடி மேசை டிராயரைத் துழாவிக்கொண்டிருந்தேன். "அப்பா, பஞ்சுவை யார்கிட்டயாவது கொடுத்துடுவோமா?" என்று அவள் கதவோரம் நின்று கேட்டாள். என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

கருவி வாங்குவதற்கு முன்னால் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தேன். நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். பூனை, நாய், தூசி என்று ஒவ்வொன்றுக்கும் அதன் ஒவ்வாமைப் பொருள் கலந்த திரவத்தை முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனையால் லேசாகக் குத்தினார். 15 நிமிடத்தில் பூனைக்கான இடத்தில் கொசு கடித்தது போலத் தடிப்பு எழும்பியது. 3 மில்லிமீட்டர் இருந்தாலே ஒவ்வாமை என்று கணக்கு, எனக்கு 7. நாய்க்கு ஒன்றுமே இல்லை. ஆனால் வீட்டுத் தூசியில் இருக்கும் டஸ்ட் மைட் என்கிற கண்ணுக்குத் தெரியாத உயிரிக்கும் 5 மில்லிமீட்டர் தடித்திருந்தது. இத்தனை நாள் என்னைப் படுத்தியதில் பாதி அதன் வேலை. பஞ்சுவை மட்டும் வெளியே அனுப்பியிருந்தால் அந்தப் பாதி அப்படியே இருந்திருக்கும். (இந்தப் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.)

பூனை முடிதான் காரணம் என்று நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு புரதம். ஃபெல் டி 1 என்று பெயர். பூனையின் எச்சிலிலும் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகிறது. பூனை உடம்பை நக்கி நக்கிச் சுத்தம் செய்யும்போது முடியெல்லாம் படிந்து, காய்ந்து, தோல் செதிலோடு உதிர்கிறது. அதில் ஒரு பகுதி மிக நுண்ணிய துகள், கீழே விழாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் ஏர் ப்யூரிஃபையருக்குள் இருக்கும் ஹெப்பா ஃபில்டருக்கான அளவுகோல் என்பதால், மிதக்கிற அந்தப் பகுதியை அது பிடித்துவிடும். முடி இல்லாத பூனை, அலர்ஜி வராத இனம் என்று சொல்லி விற்கிறவர்களை நம்ப வேண்டாம் என்பதற்கும் இந்தப் புரதம்தான் காரணம். முடி இல்லாவிட்டாலும் எச்சில் உண்டு, தோல் உண்டு.

சரி, கருவிக்கு வருகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் சதுர அடியைப் பார்த்து வாங்காதீர்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தருகிறது என்று பாருங்கள். சிஏடிஆர் என்று எழுதியிருக்கும். என் படுக்கையறை 12க்கு 10 அடி, உயரம் 9 அடி. உள்ளே இருக்கும் காற்று சுமார் 30 கன மீட்டர். அலர்ஜிக்காரர்களுக்கு மணிக்கு நாலைந்து முறையாவது அறைக்காற்று முழுவதும் ஃபில்டர் வழியே போய் வருவது நல்லது. அப்படியென்றால் 150 கன மீட்டர் வேண்டும். நான் 300 தருகிற கருவியாக எடுத்தேன். நடு வேகத்தில் வைத்தாலே போதும், சத்தமும் மின்விசிறி அளவுதான்.

முதல் ஒன்பது நாள் எந்த மாற்றமும் இல்லை. அதே மூக்கடைப்பு, அதே தும்மல். பத்தாம் நாள் பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஃபில்டர் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது! உறையைப் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பதைக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். கருவியின் மேலேயே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாமே. மூச்சுக்குத் திணறுகிறவர்கள் வாங்குகிற பொருள் இது. இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

உறையைப் பிரித்துப் போட்ட பிறகு, ஒரே வாரத்தில் காலைத் தும்மல் பாதியாகக் குறைந்தது. இருபதாம் நாள் மூடியைத் திறந்தேன். ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம். விரல் நுனியால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன், பாய் சுருட்டுவது போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. நடுவில் பஞ்சுவின் வெள்ளை முடி, அதைச் சுற்றி மாவு போன்ற தூசி. இவ்வளவும் என் நெஞ்சுக்குள் போயிருக்குமே என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த வலையைப் பால்கனியில் வைத்துத் தட்டிக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுகிறோம். முகமூடி போட்டுக்கொண்டாலும் எனக்கு ஆகாது என்று மனைவி அந்த வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

ஆட்டோ பொத்தான் எனக்கு உதவவில்லை. உள்ளிருக்கும் சென்சார் காற்றில் தூசி குறைந்ததும் வேகத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. பூனைப் புரதத்தைத் தனியாகக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியாது. பச்சை விளக்கு எரியும்போதே நான் தும்மியிருக்கிறேன். அதனால் கையால் நடு வேகத்தில் வைத்துவிட்டுத் தூங்குகிறேன். அயனி என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது, அதைத் தொடுவதே இல்லை. அந்த வகைக் கருவிகள் ஓசோன் வாயுவை உண்டாக்கலாம், இளைப்பு உள்ளவர்களுக்கு ஓசோன் ஆகாது. அப்புறம் இதன் நீல விளக்கை அணைக்க வழியே இல்லை. கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு முறை இதை ஹாலில் வைத்துப் பார்த்தோம். இரண்டு வாரம் முழு வேகத்தில் ஓடியும் பலன் தெரியவில்லை. பஞ்சு பகலெல்லாம் சோபாவில் தூங்குகிறாள், அங்கே படிந்ததைக் காற்றை இழுக்கும் கருவி எப்படி எடுக்கும்? நான் போய் உட்கார்ந்ததும் எல்லாம் கிளம்பிவிடும். ஆகவே கருவி கதவு மூடிய படுக்கையறைக்குத்தான். பஞ்சுவுக்கு அந்த அறையில் இடமில்லை. இதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் மாதம் ராத்திரியெல்லாம் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தாள். விரிப்பு, தலையணை உறை எல்லாம் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். அது தூசி உயிரிக்கும் சேர்த்து மருந்து. தரைவிரிப்பை எடுத்தே விட்டோம். பஞ்சுவைத் தொட்டால் கை கழுவாமல் கண் பக்கம் கொண்டுபோவதில்லை.

இனிமேல்தான் பூனை வளர்க்கப் போகிறீர்கள் என்றால், எந்தப் பூனையோ அதே பூனையோடு பல நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பூனைக்கும் இன்னொன்றுக்கும் புரதத்தின் அளவு நிறைய மாறும். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் அதிகம். ஏற்கெனவே வளர்க்கிறவர்கள் பூனையை ஒரு வாரம் வேறு வீட்டில் விட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பூனை போன பிறகும் அந்தப் புரதம் வீட்டில் மாதக்கணக்கில் தங்கும். முட்டையிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் சேர்த்த லிவ்கிளியர் என்ற பூனைத் தீவனத்தை ப்யூரினா 2020இல் கொண்டுவந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து முடியிலும் செதிலிலும் உள்ள ஒவ்வாமைப் பொருள் சராசரியாக 47 சதவீதம் குறைகிறது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பஞ்சுவுக்கு நான் கொடுத்துப் பார்த்ததில்லை.

என் மருந்து நிற்கவில்லை. தினசரி இன்ஹேலர் அப்படியே தொடர்கிறது. நடுராத்திரி எழுந்து அவசர இன்ஹேலரைத் தேடுவது மட்டும் வாரம் மூன்று நாளிலிருந்து மாதம் ஒரு நாளாகிவிட்டது. இளைப்பு அடிக்கடி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகிறவர்கள் இந்தக் கருவியை நம்பிப் பூனை எடுக்க வேண்டாம். மற்றவர்களுக்கு, படுக்கையறைக்கு மட்டும் என்றால், தாராளமாக வாங்கலாம் என்பேன்.

நேற்று இரண்டாவது முறையாக ஃபில்டர் மாற்றினோம். பிளாஸ்டிக் உறையை மகள்தான் பிரித்தாள். பிரித்துவிட்டோமா என்று மூன்று பேரும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டோம். காலி அட்டைப்பெட்டி ஹாலுக்குப் போனது. பஞ்சு இப்போது அதற்குள்தான் தூங்குகிறாள்.