எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர்: ஆறு ஆண்டுகள் கேட்ட பிறகு ஒரு மதிப்புரை

எல்எஸ்3/5ஏ என்னும் சின்ன ஸ்பீக்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் உள்ளுறுப்புகளைப் பற்றியே எழுதுகிறார்கள். மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு 15 ஓம் உள்ள வகையா 11 ஓம் உள்ள வகையா, பெயர்ப்பட்டை பொன்னிறமா கறுப்பா, வரிசை எண் எத்தனை என்ற கேள்விகளுக்குப் பக்கம் பக்கமாக விடை கிடைக்கும். அதில் ஒரு பாடகியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று தேடினால், விடை ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். நானும் அந்தக் கேள்விகளோடுதான் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பழைய 15 ஓம் ஜோடி ஒன்றை வாங்கினேன். இப்போது அதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, முதல் நான்கு ஆண்டுகளில் ஒரு முழு இசைத்தட்டைக்கூட அதில் கடைசிவரை கேட்டதாக நினைவில்லை என்பது தெரிய வந்தது. குறை ஸ்பீக்கரில் இல்லை என்பதால், இந்த மதிப்புரையில் அந்த நான்கு ஆண்டுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஸ்பீக்கர் யாருடைய வரவேற்பறைக்காகவும் உருவானதன்று. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள், ஒலியின் தரத்தைச் சரிபார்க்கும் பெரிய மானிட்டர் ஸ்பீக்கரை வைக்க இடமில்லை. ஹெட்ஃபோனில் கேட்டுக் குரலின் தரத்தை முடிவு செய்வதும் சரிப்படவில்லை. அந்த இடுக்கில் வைத்துக் கேட்பதற்காக பிபிசியின் பொறியாளர்கள் 1970களின் தொடக்கத்தில் இதை வடிவமைத்தார்கள். உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் 19 சென்டிமீட்டர், எடை 5 கிலோவுக்குச் சற்று மேல். பெட்டி 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட். உள்மூலைகளில் பீச் மரச் சட்டங்கள். தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஊஃபரும் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டரும் கெஃப் நிறுவனத்தின் பி110, டி27. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகிய மூவர் எழுதி 1976இல் பிபிசி ஆய்வுத் துறை வெளியிட்ட அறிக்கை இந்த வடிவமைப்பை விளக்குகிறது. ஒருவர் பேசுவதை நேரில் கேட்டு, அதே குரலை ஸ்பீக்கர் வழியாகக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தத் துறையில் வேரூன்றிய முறை. அளவுகோலாக அவர்கள் வைத்துக்கொண்டது இன்னொரு ஸ்பீக்கரை அல்ல, ஒரு மனிதரின் குரலை என்பதை இதை வாங்குகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன் பலனைக் கேட்ட உடனேயே உணரலாம். ஒருவர் பேசும் பதிவைப் போட்டால், குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றாமல், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்து பேசுவதாகத் தோன்றுகிறது. ‘ச’, ‘ஷ’ போன்ற ஒலிகள் சீறாமல் இயல்பாக வருகின்றன. அடித்தொண்டையில் எழும் கரகரப்பு மார்புக் குரலிலிருந்து பிரிந்து நிற்காமல் அதனுடன் ஒட்டியே வருகிறது. தனி வயலினும் அப்படித்தான்: வில் திரும்பும் நொடியில் நாதம் ஒரு கணம் மெலிந்து மீள்வதை இந்த அளவுக்குத் தெளிவாக நான் வேறு எந்தச் சிறிய ஸ்பீக்கரிலும் கேட்டதில்லை. மூடிய சிறிய பெட்டி என்பதால் ஆழ்ந்த கீழ்ஸ்தாயி இதில் கிடையாது. ஆனால் 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்திருப்பதால், தம்பூராவின் மந்தரமோ ஆண் குரலின் கனமோ குறைவதாகத் தோன்றுவதில்லை.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 82 அல்லது 83 டெசிபெல் மட்டுமே தரக்கூடிய, மிகவும் சோம்பலான ஸ்பீக்கர் இது. பெரிய அறையில் பத்துப் பேர் கூடிக் கேட்பதற்கும், முழு ஆர்க்கெஸ்ட்ரா உச்சத்தைத் தொடும் இடத்துக்கும், மின்னணு இசையின் அடிவயிற்றை உலுக்கும் தாளத்துக்கும் இது உதவாது. சின்ன அறையில், இரண்டு மீட்டர் தொலைவில், மிதமான சத்தத்தில் கேட்கிறவர்களுக்கு உரியது.

இவ்வளவு நல்ல ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் ஆண்டில் இரண்டு முறை ஸ்டாண்டை மாற்றினேன். இரண்டாம் ஆண்டில் ஸ்பீக்கர் ஒயர்கள்; அதன் பின் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தேன். எல்லாச் சோதனைக்கும் ஒரே பாட்டு, அதிலும் ஒரே பகுதி: இரண்டாம் நிமிடம் 14ஆம் விநாடியில் பாடகி மூச்சை உள்ளிழுக்கும் இடம். ‘மூச்சு வறண்டிருக்கிறது’, ‘மூச்சில் காற்று கூடியிருக்கிறது’, ‘மூச்சு அரை அடி பின்னால் போயிருக்கிறது’ என்று பக்கங்கள் நிறைந்தன. அண்மையில் அந்த நோட்டைப் புரட்டியபோது, அந்த மூச்சுக்குப் பின் அவர் பாடும் வரி என்ன என்று யோசித்துப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான முறை கேட்ட பாட்டில் அந்த வரி எனக்கு நினைவுக்கு வரவில்லை. அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அந்தப் பாடகிக்கு நான் ஏதோ மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதாகவே உணர்ந்தேன்.

மூன்றாம் ஆண்டில் நடந்தது இன்னும் மோசம். ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் மின்சுற்றான கிராஸ்ஓவரில் இருக்கும் பழைய கெபாசிட்டர்களை எடுத்துவிட்டு உயர்தரமானவற்றைப் போட்டால் திரை விலகியதுபோல் இருக்கும் என்று பழுதுபார்ப்பவர் ஒருவர் உறுதியாகச் சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன். திரும்பி வந்த ஜோடியில் ஒலி பளிச்சென்றுதான் இருந்தது; இரண்டு வாரம் ‘தெளிவு’ என்று நோட்டில் எழுதிக்கொண்டும் இருந்தேன். பின்னர் ஒரு வானொலி நாடகத்தின் பதிவைப் போட்டேன். நடுவில் நிற்க வேண்டிய குரல், சொல்லுக்குச் சொல் இடம் மாறி, ‘ச’ வரும்போதெல்லாம் இடப்பக்கம் ஓடியது. மைக் வைத்து அளந்து பார்த்ததில், ட்வீட்டர் பகுதியில் ஒரு பெட்டிக்கும் மற்றதற்கும் கிட்டத்தட்ட 2 டெசிபெல் வேறுபாடு இருந்தது. இந்த கிராஸ்ஓவரின் அழகே, ஒவ்வொரு ட்வீட்டரின் உணர்திறனுக்கும் ஏற்றபடி மின்மாற்றிச் சுருளில் சரியான முனையைத் தேர்ந்து, இரண்டு பெட்டிகளையும் இணையாக்குவதில் இருக்கிறது. அந்த இணைப்பு அவிழ்த்து மாட்டியதில் இடம் மாறியிருந்தது. பழைய உறுப்புகளைத் தூக்கி எறியாமல் ஒரு உறையில் போட்டுக் கொடுத்திருந்ததால், அவற்றையே திரும்பப் பொருத்தி, முனையையும் சரிசெய்து மீட்டெடுக்க முடிந்தது.

அதற்குப் பிறகுதான் ஆம்ப்ளிஃபயர்களை முறையாகச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு நண்பரை அழைத்தேன். வோல்ட்மீட்டரால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் சத்தத்தையும் 0.1 டெசிபெல்லுக்குள் சமப்படுத்தினோம். இது கட்டாயம் செய்ய வேண்டிய காரியம்: சற்றே கூடுதல் சத்தமாக இருப்பதைக் காது ‘சத்தம்’ என்று அறியாமல் ‘நயம்’ என்று எடுத்துக்கொள்ளும். திரைக்குப் பின்னால் அவர் மாற்றி மாற்றி இணைத்தார். 16 முறையில் 8 முறை சரியாகச் சொன்னேன். நாணயம் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் தேறியிருக்கும். பாஸ்டன் பகுதியில் மேயர், மோரன் என்ற இருவர் நடத்தி 2007இல் ஆடியோ பொறியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்ட சோதனையின் முடிவும் இதே போன்றதுதான். உயர் தெளிவு இசைத்தட்டின் ஒலியையும், அதையே குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குள் அடக்கிய ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாக இருந்தன. எந்தக் கருவிக்கும் வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வேறுபாடு மிகப் பெரியது. அறை அதைவிடப் பெரியது. ஸ்பீக்கர்களைப் பின்சுவரிலிருந்து அரை மீட்டர் முன்னால் நகர்த்தி வைத்தபோது கிடைத்த முன்னேற்றம், மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் மாற்றியும் கிடைக்காதது. அதற்கு ஒரு பிற்பகல் மட்டுமே செலவானது.

இப்போது ஒரு சாதாரண 50 வாட் ஆம்ப்ளிஃபயர்தான் வைத்திருக்கிறேன். முன்துணியையும் கழற்றுவதில்லை, துணியோடு சேர்த்துக் கேட்கும்படியாகவே இந்த ஸ்பீக்கரைச் செய்திருக்கிறார்கள். கூம்பு தெரிய வேண்டும் என்று அதைக் கழற்றி வைப்பவர்கள், வடிவமைத்தவர்கள் கேட்ட ஒலியைக் கேட்பதில்லை.

15 ஓமா 11 ஓமா என்பதற்கு என் விடை சுருக்கமானது. ஸ்பீக்கர் உறுப்புகளின் தன்மை காலப்போக்கில் மாறிவிட்டதால் 1980களின் பிற்பகுதியில் கிராஸ்ஓவரைத் திருத்தி அமைத்தார்கள். அதில் பிறந்ததே 11 ஓம் வகை. இரண்டும் நல்லவை. கெஃபில் அந்த ஊஃபரையும் ட்வீட்டரையும் வடிவமைத்த மால்கம் ஜோன்ஸ் தொடங்கிய ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் பழைய வடிவத்தையே புதிதாகச் செய்து வருகிறது. பழைய ஜோடியைத் தேடி அலைய விரும்பாதவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பழையதாக வாங்குகிறவர்கள், இரண்டு பெட்டிகளின் வரிசை எண்களும் ஒன்றையொன்று அடுத்து வருகின்றனவா, ட்வீட்டரின் குவிமாடம் நசுங்கியிருக்கிறதா, கிராஸ்ஓவரில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கேட்டுப் பார்ப்பதற்கு விற்பவர் போடும் பளபளப்பான பதிவுகளை நம்ப வேண்டாம். தினமும் நீங்கள் நேரில் கேட்கும் ஒருவரை, உங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரையே, இரண்டு நிமிடம் பேசச் செய்து பதிவு செய்துகொண்டு போங்கள். நான் என் தாயின் குரலைப் பதிவு செய்து இந்த ஜோடியில் போட்டபோது, அடுத்த அறையிலிருந்த என் தங்கை ‘என்னம்மா?’ என்று குரல் கொடுத்தாள்.