விஎம் வட்டை வேறு ஸ்டோரேஜுக்கு மாற்ற எந்தக் கருவி? எஸ்சிபி முதல் பிளாக்காப்பி வரை ஓர் அலசல்

லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் உள்ள ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் கணினி) ஒன்றில் ஒரு விஎம் (மெய்நிகர்க் கணினி) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வட்டு ஹோஸ்ட்டின் உள்ளூர் எஸ்எஸ்டியில் 200 ஜிபி ரா கோப்பாக (வட்டின் உள்ளடக்கத்தை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) இருக்கிறது. உள்ளே உண்மையில் நிரம்பியிருப்பது 60 ஜிபிதான். இதைப் புதிய ஸ்டோரேஜ் பெட்டிக்கு மாற்ற வேண்டும், நடுவில் இருப்பது 1 ஜிகாபிட் லைன். அதில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி போனால் பெரிது. 200 ஜிபியும் கடந்துபோக அரை மணி நேரம் ஆகும், 60 ஜிபி மட்டும் போனால் 9 நிமிடம். எது நடக்கும் என்பதைக் கருவிதான் தீர்மானிக்கிறது. விஎம் எவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. காப்பி வேகத்தைவிட எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

எந்தக் கருவியாக இருந்தாலும், தொடங்கும் முன் கோப்பின் இரண்டு அளவுகளையும் பாருங்கள். 'எல்எஸ்' 200 ஜிபி என்று காட்டும், 'டியூ' 60 ஜிபி என்று காட்டும். இடையில் உள்ள 140 ஜிபி வெறும் ஓட்டை, அங்கே எதுவும் எழுதப்படவே இல்லை. ஆனால் விஎம்முக்குள் அழிக்கப்பட்ட கோப்புகள் ஓட்டையாகத் தானாக மாறிவிடாது. அவற்றின் பழைய பைட்டுகள் கோப்பில் அப்படியே கிடக்கும், எந்தக் கருவியும் அவற்றைத் தரவு என்றே எண்ணிச் சுமக்கும். அதனால் விஎம்மின் அமைப்பை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில், வட்டின் 'டிஸ்கார்ட்' என்பதற்கு 'அன்மேப்' என்று கொடுத்து, விஎம்முக்குள் காலி இடத்தை விடுவிக்கும் 'எஃப்எஸ்டிரிம்' ஒருமுறை ஓட்டிவிட்டுக் காப்பியைத் தொடங்குவது நல்லது.

எஸ்சிபியும் சிபியும்

எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கோப்பை அனுப்பும் எஸ்சிபிக்கு ஓட்டை என்றால் என்னவென்றே தெரியாது. 140 ஜிபி பூஜ்யங்களையும் படித்து, மறைகுறியாக்கி, லைனில் அனுப்பி, மறுமுனையில் பூஜ்யங்களாகவே எழுதும். அங்கே கோப்பு முழு 200 ஜிபி இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நடுவில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழியில்லை. 10, 20 ஜிபி க்யூகவ்2 (எழுதிய பகுதிகளை மட்டும் சேமிக்கும் வட்டு வடிவம்) கோப்புக்கு எஸ்சிபி போதும். பெரிய ரா கோப்புக்கு வேண்டாம்.

புதிய ஸ்டோரேஜை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) மூலம் ஹோஸ்ட்டிலேயே மவுன்ட் செய்திருந்தால் சாதாரண 'சிபி' எஸ்சிபியைவிட எவ்வளவோ மேல். 'ஸ்பார்ஸ்' தெரிவுக்கு 'ஆல்வேஸ்' என்று கொடுத்தால் பூஜ்யங்களைத் தாண்டிக்கொண்டு போகும். ஆனால் திசை மாறினால் கதை மாறும். மூலம் என்எஃப்எஸ்ஸில் இருந்து, அது பதிப்பு 3 ஆக இருந்தால், ஓட்டை எங்கே என்று சர்வரைக் கேட்க அந்த நெறிமுறையில் வழியே இல்லை. பூஜ்யங்கள் அத்தனையும் லைனில் வந்த பிறகுதான் அவை பூஜ்யம் என்று தெரியவரும். மறுமுனையில் இடம் மிச்சமாகும், நேரம் மிச்சமாகாது. பதிப்பு 4.2 இல் அப்படிக் கேட்கும் வசதி இருக்கிறது. மவுன்ட் எந்தப் பதிப்பில் நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

ஆர்சிங்க்: எல்லோரும் முதலில் எடுப்பது, பலருக்கும் ஏமாற்றம் தருவது

பலரும் போடும் திட்டம் இது: விஎம் ஓடும்போதே ஒருமுறை ஆர்சிங்க், பிறகு விஎம்மை நிறுத்திவிட்டு இன்னொருமுறை. இரண்டாவது முறை மாறிய பகுதி மட்டும்தானே போகும், சீக்கிரம் முடிந்துவிடும் என்பது நம்பிக்கை. லைனில் போவது குறைவுதான். ஆனால் எது மாறியது என்று ஆர்சிங்க் எங்கும் குறித்து வைத்திருப்பதில்லை. மறுமுனை தன் கோப்பு முழுவதையும் படித்துச் செக்சம் (பகுதிகளை ஒப்பிட உதவும் சுருக்க எண்) கணக்கிட வேண்டும். அது முடிந்த பிறகு இந்த முனை தன் கோப்பு முழுவதையும் படித்து ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு பெரிய கோப்பு என்பதால் இவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். மறுமுனையில் நொடிக்கு 150 எம்பி படிக்கும் சுழல்வட்டு இருந்து, கோப்பும் நிறைந்திருந்தால், 200 ஜிபிக்கு முதல் படியே 22 நிமிடம். அத்தனை நேரமும் விஎம் நின்றிருக்கும்.

இன்னொரு பொறி: இலக்கு என்எஃப்எஸ் மவுன்ட் என்றால், ஆர்சிங்க்கின் கண்ணுக்கு இரண்டு பாதையும் உள்ளூர்ப் பாதைதான். அப்போது அது ஒப்பிடும் வேலையை விட்டுவிட்டு முழுக் கோப்பையும் மறுபடி எழுதும். இரண்டாவது ஓட்டத்தால் எந்தப் பலனும் இல்லை. மறுமுனையிலும் ஆர்சிங்க் ஓடி, நடுவில் எஸ்எஸ்ஹெச் இருந்தால்தான் அதன் திறமை வெளிப்படும்.

கூடவே, ஆர்சிங்க் இயல்பாக ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி முடித்துப் பிறகுதான் பெயர் மாற்றும். அதாவது இலக்கில் இன்னொரு பிரதிக்கும் இடம் வேண்டும். 'இன்ப்ளேஸ்' தெரிவு அதைத் தவிர்க்கும், ஆனால் பழைய பதிப்புகளில் 'இன்ப்ளேஸ்', 'ஸ்பார்ஸ்' இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க முடியாது. வட்டு கோப்பாக இல்லாமல் எல்விஎம் வால்யூமாக (லினக்ஸ் பிரித்துத் தரும் வட்டுப் பகுதி) இருந்தால் சாதாரண ஆர்சிங்க் அதன் உள்ளடக்கத்தையே காப்பி செய்யாது.

மெதுவான, அடிக்கடி அறுபடும் தொலைதூர லைனுக்கு ஆர்சிங்க்கை மனதார பரிந்துரைப்பேன். ஒரே அறையில் உள்ள இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இதற்கு வேலை இல்லை.

க்யூஇஎம்யூ-இமேஜ் கன்வர்ட்

கேவிஎம்மில் விஎம்களை இயக்கும் க்யூஇஎம்யூவின் வட்டுக் கருவி இது. விஎம்மை நிறுத்த அனுமதி இருந்தால் என் தேர்வு இதுதான். மற்றவை கோப்பைப் பார்க்கின்றன, இது வட்டைப் பார்க்கிறது. ஓட்டைகளைத் தாண்டும், பூஜ்யங்களைக் கண்டுபிடிக்கும், போகிற போக்கில் ராவை க்யூகவ்2 ஆகவோ க்யூகவ்2ஐ ராவாகவோ மாற்றித் தரும். எல்விஎம் வால்யூமுக்கும் நேராக எழுதும்.

இயல்பாக ஒரே நேரத்தில் 8 கோரிக்கைகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும். சின்ன எழுத்து 'எம்' தெரிவால் அதை 16 வரை உயர்த்தலாம், பெரிய எழுத்து 'டபிள்யூ' கொடுத்தால் வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்று காத்திருக்காது. இலக்கின் கேஷை 'நன்' என்று வைத்தால் ஹோஸ்ட்டின் நினைவகத்தைக் காப்பி விழுங்காது, மற்ற விஎம்கள் திணறாது.

இது எதை விட்டுவிட்டுப் போகும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். க்யூகவ்2 கோப்புக்குள் இருக்கும் உள் ஸ்னாப்ஷாட்டுகள் (ஒரு கணத்தின் வட்டு நிலையைப் பதிந்தவை) புதிய கோப்புக்கு வராது. அவை தேவையென்றால் கோப்பை அப்படியே காப்பி செய்வதுதான் வழி. பேக்கிங் கோப்பின்மேல் (மாற்றங்கள் மேலடுக்கில் சேர, கீழே நிற்கும் அடிக்கோப்பு) நிற்கும் வட்டு என்றால் நேர்மாறு: சிபியோ எஸ்சிபியோ மேலடுக்கை மட்டும் எடுத்துப்போகும், அடிக்கோப்பு இல்லாமல் அது பயன்படாது. கன்வர்ட் எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஒரே கோப்பாக்கித் தரும். எத்தனை அடுக்கு இருக்கிறது என்று 'இன்ஃபோ' கட்டளையில் 'பேக்கிங்-செயின்' தெரிவு காட்டும்.

ஓடும் விஎம்மின் கோப்பைக் கொடுத்தால் பூட்டு இருக்கிறது என்று கன்வர்ட் மறுக்கும். பெரிய எழுத்து 'யூ' தெரிவால் அந்தப் பூட்டை மீறலாம், ஆனால் மீறாதீர்கள். காப்பியின் தொடக்கத்தில் ஒரு கணமும் முடிவில் வேறு கணமுமாக, எந்த ஒரு நேரத்துக்கும் பொருந்தாத வட்டு கிடைக்கும்.

பிளாக் பிளாக்காகக் காப்பி செய்யும் 'டிடி'யைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். அதன் இயல்பான பிளாக் அளவு 512 பைட், அதை 4 எம்பி ஆக்காவிட்டால் ஆமை வேகம்தான். 'ஸ்பார்ஸ்' சேர்த்து, முன்பு பயன்படுத்திய எல்விஎம் வால்யூமில் எழுதினால், பூஜ்யம் இருக்க வேண்டிய இடங்களில் பழைய விஎம்மின் எச்சம் அப்படியே நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, கோப்பு முறைமை மட்டும் பின்னொரு நாள் உடையும்.

நிறுத்தவே முடியாது என்றால்: பிளாக்காப்பி

விஎம்களை நிர்வகிக்கும் 'வர்ஷ்' கட்டளை தரும் 'பிளாக்காப்பி' ஓடும் விஎம்மின் வட்டைக் காப்பி செய்துகொண்டே, அதற்குள் மாறும் பிளாக்குகளை பிட்மேப்பில் குறித்துவைக்கும். ஆர்சிங்க்கிடம் இல்லாதது இதுதான். இரண்டு பக்கமும் சமமானதும் விஎம் எழுதும் ஒவ்வொன்றும் இரண்டு இடத்துக்கும் போகும், 'பிவட்' கொடுத்தால் விஎம் புதிய வட்டுக்குத் தாவும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சின்னத் தயக்கம்கூடப் பெரும்பாலும் தெரியாது. விஎம் நிர்வாகத் தளமான ப்ராக்ஸ்மாக்ஸில் ஓடும் விஎம்மின் வட்டை நகர்த்தும் பொத்தானுக்குப் பின்னாலும் இதே க்யூஇஎம்யூ வசதிதான் இருக்கிறது.

சிக்கல் மூன்று இடத்தில் வரும். டேட்டாபேஸ் விஎம் இலக்கின் வேகத்தைவிட அதிகமாக எழுதிக்கொண்டிருந்தால் வேலை 99 சதவீதத்தில் நின்று அல்லாடும், எழுதுவது குறையும் நேரம் பார்த்துத் தொடங்குங்கள். எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் அணுகல் கட்டுப்பாடு) உள்ள ஹோஸ்ட்டில் 'வர்ட்_யூஸ்_என்எஃப்எஸ்' இயக்கப்படாவிட்டால் அனுமதி மறுப்பு வரும். தாவிய பிறகு 'டம்ப்எக்ஸ்எம்எல்' கட்டளையை 'இன்ஆக்டிவ்' தெரிவோடு ஓட்டிப் புதிய பாதை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பாதையே இருந்தால், அடுத்த முறை அணைத்து ஏற்றும்போது விஎம் பழைய வட்டில் எழும், நடுவில் எழுதியதெல்லாம் காணாமல் போனதுபோல் தெரியும்.

இலக்கு தின் வால்யூமாக (எழுத எழுத மட்டுமே இடம் எடுப்பது) இருந்து முழு 200 ஜிபியும் நிரம்பிவிட்டால் பதற வேண்டாம். டிஸ்கார்ட் இயங்கும் நிலையில் உள்ளே இன்னொருமுறை எஃப்எஸ்டிரிம் ஓட்டினால் இடம் திரும்பும்.

இரண்டு பக்கமும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்து 'சென்ட்', 'ரிசீவ்' செய்யுங்கள். பிறகு விஎம்மை நிறுத்தி இன்னொரு ஸ்னாப்ஷாட் எடுத்து, இரண்டுக்கும் இடைப்பட்டதை மட்டும் அனுப்புங்கள். எது மாறியது என்று இசட்எஃப்எஸ்ஸுக்கே தெரியும், படித்துத் தேட வேண்டியதில்லை. இலக்கில் உள்ள பிரதியை நடுவில் தொட்டுவிட்டால் மட்டும் அடுத்த பகுதி ஏறாது.

சரிபார்க்கும்போது எஸ்ஹெச்ஏ256 செக்சம் எல்லா நேரமும் உதவாது, வடிவம் மாறினால் செக்சமும் மாறிவிடும். க்யூஇஎம்யூ-இமேஜின் 'கம்பேர்' கட்டளை ராவையும் க்யூகவ்2ஐயும்கூட வட்டாகவே ஒப்பிடும், ஓட்டையையும் பூஜ்யத்தையும் ஒன்றாகவே கொள்ளும். நிறுத்திவைத்துச் செய்த காப்பி என்றால் விஎம்மைப் புதிய வட்டில் ஏற்றும் முன்பே இதை ஓட்டிவிட வேண்டும். ஒருமுறை ஏறிவிட்டால் பூட் ஆகும்போதே லாக் கோப்புகள் மாறிவிடும், பிறகு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. ஒத்துப்போனதும் பழைய கோப்பின் பெயரை மாற்றிவைத்து, ஒரு பேக்கப் சுற்று முடியும் வரை அழிக்காமல் விடுங்கள்.