ஒரே 7.62, இரண்டு ரவைகள்

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவம் காணி விட்ட பிறகு மதிலுக்கு அத்திவாரம் வெட்டியபோது செம்பாட்டு மண்ணுக்குள்ளிருந்து சுட்டுத் தீர்ந்த ரவைகளின் வெற்றுக் கோதுகள் இரண்டு வந்தன. ஒன்று நீளம், பித்தளை, பச்சை பூத்திருந்தது. மற்றது கட்டை, இரும்பு, துருவேறி உதிர்ந்தது. வேலைக்கு வந்த தம்பி, "ரண்டும் 7.62 தானே அண்ணை, ஒரே துவக்கின்ரதுதான்" என்றான்.

இல்லை. 7.62 என்பது குழல் துவாரத்தின் மில்லிமீற்றர் அளவு மட்டும். நீளமானதன் கோது 51 மி.மீ., எஸ்.எல்.ஆர் என்ற பிரித்தானியத் துவக்குக்கு உரியது. கட்டையானது 39 மி.மீ., ரி-56 என்ற சீனத் துவக்குக்கு உரியது. ஒன்றின் ரவையை மற்றதில் போட முடியாது.

சக்தியை மட்டும் பார்த்தால் நீளமானதுதான் பெரியவர்: குழலை விட்டுப் பறக்கும் சன்னம் 9.5 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 840 மீற்றர். கட்டையானதில் 8 கிராம், சுமார் 715 மீற்றர். ஆனால் பெரும்பாலான சண்டைகள் 300 மீற்றருக்குள் முடிந்துவிடுகின்றன என்பதை இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் கண்டு, 33 மி.மீ. கோதில் ரவை செய்தார்கள். சோவியத் ஒன்றியம் 1943இல் தன்னுடையதை, அதாவது இந்த 39 மி.மீ. கட்டையை, வடிவமைத்தது. ஒரு ரவை ஏறக்குறைய 16 கிராம், நீளமானது 24. நூறு ரவை சுமந்து நடப்பவனுக்கு அந்த 800 கிராம் நன்றாகவே தெரியும். தொடர்ந்து சுடும்போது உதைப்பும் குறைவு.

எனக்குப் பிடித்தது கட்டையானதன் கோதின் வடிவம். அடிப்பக்கம் அகன்று, மேலே போகப்போக ஒடுங்கும். அதனால் சுட்டபின் குழலடி அறையிலிருந்து இலகுவாகக் கழன்று வரும். ரவைக்கூடு வளைந்திருப்பதும் அதனால்தான், அழகுக்காக அல்ல.

இவற்றுக்கு முந்திய .303 அங்குலப் பிரித்தானிய ரவையையும் சொல்ல வேண்டும். 1888இல் கரிமருந்தோடு தொடங்கியது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் செய்த, உடலுக்குள் விரியும் சன்னங்களால் சர்ச்சை எழுந்தது. அப்படியானவற்றை 1899 ஹேக் பிரகடனம் தடுத்தது. 1910இல் கூர்முனைச் சன்னம் வந்தது. நுனிக்குள் அலுமினியம் வைத்து எடையைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். ஆனால் அடியில் துருத்தும் விளிம்பு ஒரு தலையிடி. மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் சிக்கினால் துவக்கு இறுகிவிடும்.

அப்புறம் 5.56 மி.மீ. ரவை. சன்னம் 3.6 கிராம், நொடிக்கு 990 மீற்றர், முழு ரவை 12 கிராம். தூரத்துக்கு நேராகப் போவதில் 39ஐ வெல்லும். இங்கும் தம்பியின் அதே குழப்பம் உண்டு: 1980இல் நேட்டோ ஏற்ற 4 கிராம் சன்னத்துக்கு 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதுபோல் சன்னத்தை வேகமாகச் சுழற்றும் குழல் வேண்டும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுழற்றும் பழைய குழலில் அது தள்ளாடும். எண் ஒன்று, பொருத்தம் வேறு.

துவக்கு, ரவை, சுமை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் வாக்கு 39க்கு. வேடிக்கை என்னவென்றால், 2022இல் அமெரிக்க இராணுவம் தெரிந்தெடுத்த 6.8 மி.மீ. ரவையின் கோது மறுபடியும் 51 மி.மீ.

தம்பி இரண்டையும் கழுவிக் கொண்டு வந்தான். பித்தளையின் அடியில் அடித்த எண்களை வாசிக்க முடிந்தது. இரும்பில் ஒன்றும் மிஞ்சவில்லை.