சைக்கோவின் வயலினா, பறவைகளின் சிறகடிப்பா?

திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் நம்மைப் பயமுறுத்திய இரண்டு விதங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். 'சைக்கோ' (1960) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்தார். குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் போட்டுக் காட்டியதும் மனசை மாற்றிக்கொண்டார். நல்லவேளை! அங்கே கத்தியைவிட அந்த வயலின் கீச்சல்தான் ஆழமாகக் குத்துகிறது.

'தி பேர்ட்ஸ்' (1963) நேரெதிர். வழக்கமான பின்னணி இசை கிடையாது. டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் ஆஸ்கர் சாலா உருவாக்கிய பறவை ஒலிகள்தான். (ஒலி ஆலோசகர் யாரென்றால், அதே ஹெர்மன்!) பள்ளிக்கூடக் காட்சியைக் கவனியுங்கள். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நாயகி சிகரெட் பிடிக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டத்தில் காகங்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. எப்போது பயப்பட வேண்டும் என்று இசை எடுத்துக் கொடுக்காததால், அந்தப் பாட்டு எப்போது முடியுமோ என்று நாமாகவே பதறுகிறோம்.

திடுக்கிட வைப்பதற்கு முதல் வழிதான் கெட்டி. ஆனால் அதைப் பிறகு வந்த பேய்ப் படங்கள் அடித்துத் துவைத்துவிட்டன. என் ஓட்டு காகங்களுக்கே.