ஒரே தாவலா, படிப்படியா?

நார்வேயிலிருந்து வெளிநாடு போன இரண்டு கால்பந்து இளைஞர்கள்; இரண்டு வழிகள். மார்ட்டின் ஓடகார்ட் 2015 ஜனவரியில், 16 வயதில், நேராக ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தார். எர்லிங் ஹாலண்ட் உள்நாட்டு மோல்டே அணியில் பழகிவிட்டு, 2019-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், 2020-இல் ஜெர்மனியின் டார்ட்முண்ட் என்று படியேறினார்.

ஓடகார்டின் தொடக்கம் கண்ணைப் பறித்தது. அந்த மே மாதமே ரொனால்டோவுக்கு மாற்றாகக் களமிறங்கினார். ரியல் மாட்ரிட்டுக்கு அதுவரை அவ்வளவு இளையவர் எவரும் ஆடியதில்லை. பிறகு? பயிற்சி முதல் அணியோடு, ஆட்டம் இரண்டாம் அணியோடு. இரண்டுங்கெட்டான் நிலை. அடுத்து மாட்ரிட் அவரைத் தற்காலிகமாக வேறு அணிகளுக்குக் கொடுத்தது: நெதர்லாந்தின் ஹேரன்வேன், விட்டெஸ், ஸ்பெயினின் ரியல் சோசியடாட் என்று இரவல் வாழ்க்கை. அவரைத் தேற்றியது மாட்ரிட்டின் பெயரல்ல, இந்தச் சிறிய அணிகளில் கிடைத்த ஆட்டங்கள்தான் என்பேன். 2021-இல் இங்கிலாந்தின் ஆர்சனல் வாங்கியது. மறு ஆண்டே கேப்டன்.

என் வீட்டுப் பையனென்றால் ஹாலண்டின் வழியைத்தான் காட்டுவேன் (அவனுக்கு ஹாலண்டின் நெட்டை உடம்பும் வேண்டும், அது வேறு கதை). டார்ட்முண்டுக்கு ஹாலண்ட் ஆடிய முதல் ஆட்டம், எதிரணி ஆக்ஸ்பர்க்கின் மைதானம். அணி 3-1 எனப் பின்தங்கிக் கிடக்கிறது. மாற்று வீரராக இறங்கி, 23 நிமிடங்களில் மூன்று கோல் அடித்தார். முடிவு 5-3, டார்ட்முண்டுக்கு வெற்றி.